மூன்று ஸ்கோப் மவுண்ட், ஒரு பெரியமேட்டுத் தோல் உறை: கன்னத்துக்கு எது சரி?

ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்குகிறவர்கள் லென்ஸ், ஜூம், ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு) என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியின் மேல் கவ்விப் பிடிக்கும் மவுண்ட் என்றதும் "அதான் பெட்டிக்குள்ளயே ஒரு ஜோடி போட்டுத் தர்றாங்களே" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பெட்டிக்குள் வருகிற ஜோடி அந்த ஸ்கோப்புக்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது, உங்கள் முகத்துக்குப் பொருந்த இன்னும் வாய்ப்புக் குறைவு. இங்கே எழுதப்போவது மூன்று மவுண்டுகள், கன்னம் படும் கட்டையை உயர்த்த ஆன்லைனில் வாங்கிய ஒரு நியோப்ரீன் (ரப்பர் துணி) கன்ன உறை, பெரியமேட்டில் சொல்லித் தைத்த ஒரு தோல் உறை பற்றி. அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒற்றைத் துண்டாக வரும் ஹை மவுண்டும் அந்தத் தோல் உறையும் சேர்ந்துதான் என் துப்பாக்கியில் நிலைத்திருக்கின்றன. மற்றதெல்லாம் டப்பாவில் கிடக்கிறது.

என்னிடம் இருப்பது 4.5 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கர், குழலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கும் வகை, 20 ஜூலுக்குள் அடங்கும் சாதாரணத் துப்பாக்கி. மேலே 11 மில்லி டவ்டெய்ல், அதாவது மவுண்ட் கவ்விக்கொள்ளும் ரயில், அதில் 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு ஜூம், 40 மில்லி முன் லென்ஸ்), ஒரு இன்ச் டியூப், முன் லென்ஸைத் திருகி பேரலாக்ஸை, அதாவது கண் அசைந்தால் குறிக்கோடு இலக்கின் மேல் நகரும் பிழையை, சரிசெய்யும் மாடல். சுடுவது திருவள்ளூர் பக்கம் சொந்தக்காரர் நிலத்தில், பின்னால் நல்ல மண்மேடு இருக்கும் இடத்தில், காகித இலக்கு மட்டும். சென்னைக்குள் மொட்டை மாடியில் வைத்துச் சுடலாமா என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். ரேஞ்சில் சேர்ந்து 10 மீட்டர் பழகுகிறவர்களுக்கு இந்த விஷயம் நேரடியாகத் தேவைப்படாது, ஒலிம்பிக்கில் பார்க்கிற 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது, சின்ன ஓட்டை வழியே பார்க்கும் பீப் சைட்தான். ஆனால் அந்தத் துப்பாக்கிகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கன்னம் படும் பகுதி தனித் துண்டாக, திருகைத் தளர்த்தி மேலே கீழே நகர்த்தும்படி இருக்கும். அவ்வளவு விலை போட்டுத் துப்பாக்கி செய்கிறவர்களே கன்ன உயரத்தை முடிவு செய்யும் வேலையை வாங்குபவரிடம் விட்டிருக்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் மரக்கட்டையில் அந்தத் திருகு இல்லை, அதனால் மவுண்டைப் பிடித்துத் தொங்குகிறோம்.

லோ, மீடியம், ஹை என்ற பெயர்களை முதலில் மறந்துவிடுங்கள். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லை, ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு லோ. எண்ணாகப் போட்டிருந்தாலும் அது எங்கிருந்து எங்கே வரைக்கும் அளந்தது என்று பார்க்க வேண்டும். சிலர் ரயிலின் மேற்பரப்பிலிருந்து ரிங்கின் உள்ளடி வரை, அதாவது டியூப் போய் உட்காரும் இடம் வரை அளந்து போடுகிறார்கள், சிலர் டியூபின் நடு மையம் வரை. ஒரு இன்ச் டியூபுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே 12.7 மில்லி வித்தியாசம், 30 மில்லி டியூபுக்கு 15. கன்னத்தைப் பொறுத்தவரை 12 மில்லி என்பது சுகமாகப் படுத்திருப்பதற்கும் கழுத்தை எக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள தூரம். நமக்கு வேண்டியது மைய உயரம்தான், ஏனென்றால் கண் பார்ப்பது அந்த மையத்தின் வழியாகத்தான். உள்ளடி வரையிலான அளவு கொடுத்திருந்தால் அதோடு டியூபின் பாதி விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்கோப்பின் பெல், அதாவது முன் லென்ஸைச் சுற்றி மணி போல விரிந்த பகுதி. 40 என்பது லென்ஸின் அளவு, பெல்லின் வெளிச்சுற்று அதைவிடப் பெரிது, அதிலும் முன்னால் திருகும் வளையம் உள்ள மாடல்களில் நன்றாகவே புடைத்திருக்கும். என்னுடையதை வெர்னியர் வைத்து அளந்தால் 52 மில்லி. அதில் பாதி 26, குழலுக்கும் பெல்லுக்கும் நடுவே இரண்டரை மில்லியாவது காற்று வேண்டும், ஆக மைய உயரம் குறைந்தது 28.5. ஒரு இன்ச் டியூப் என்பதால் 12.7ஐக் கழித்தால் ரிங்கின் உள்ளடி ரயிலிலிருந்து சுமார் 16 மில்லி மேலே இருக்க வேண்டும். இதற்குக் கீழே போனால் பெல் இடிக்கும், அல்லது இடிக்காமல் தப்பித்து லென்ஸ் மூடி போட இடமில்லாமல் போகும். இது ஸ்கோப் விதிக்கும் கீழ் எல்லை. இதில் பேரம் பேச முடியாது.

மேல் எல்லையை விதிப்பது முகம். அதை அளக்க நான் செய்தது இவ்வளவுதான். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, காலி துப்பாக்கி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ரயிலின் பின்முனையில் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக டேப் போட்டு ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்ன எலும்புக்குக் கீழே உள்ள சதை கட்டையில் தானாகப் படியும்வரை தலையை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்து நேரே பார்த்தேன். மனைவி பக்கத்திலிருந்து போனில் படம் எடுத்தாள். தலையை எந்தப் பக்கமும் எக்காமல், அழுத்தாமல் இருக்கும்போது கண்ணின் கருவிழி ஸ்கேலில் எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதோ அதுதான் உங்கள் மைய உயரம். படம் எடுப்பவர் துப்பாக்கியின் மட்டத்துக்குக் குனிந்து, கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் போட்டு எடுத்தால் கோணப்பிழை குறையும். எனக்கு வந்தது 20 மில்லி சுமார். ஸ்கோப் கேட்பது 28.5. நடுவே எட்டு, ஒன்பது மில்லி பள்ளம்.

இந்தப் பள்ளம் என் முகத்தின் கோளாறு கிடையாது. நம் ஊரில் கிடைக்கிற மடக்குத் துப்பாக்கிகள் பலவற்றின் கட்டை, கூடவே வரும் ஓப்பன் சைட்டுக்காக (லென்ஸ் இல்லாத சாதாரணக் குறிமுள்) செதுக்கியது. ஓப்பன் சைட் குழலோடு ஒட்டித் தாழ்வாக இருக்கும், அதற்குத் தகுந்தபடி கன்னம் தாழ்ந்து படியும். அதே கட்டையில் ஸ்கோப்பை ஏற்றினால் கண் கீழே, லென்ஸ் மேலே. "ஸ்கோப்பை எவ்வளவு தாழ்வா போட முடியுமோ அவ்வளவு தாழ்வா போடு" என்று பெரியவர்கள் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது, அது பாதி உண்மை. மீதிப் பாதி, பெல் அதற்குமேல் இறங்கவிடாது என்பது.

சரி, மவுண்டுகளுக்கு வருவோம்.

முதலாவது, ஆன்லைனில் "மீடியம்" என்று போட்டு விற்ற இரண்டு துண்டு மவுண்ட். பக்கத்தில் மில்லி அளவு எதுவும் இல்லை, விற்பனையாளரிடம் கேட்டதற்கு "எல்லா 40 மில்லி ஸ்கோப்புக்கும் செட் ஆகும் சார்" என்ற பதில். வந்ததை அளந்தால் உள்ளடி 11 மில்லி. என் பெல்லுக்கு ஆகவே ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நண்பரின் 32 மில்லி ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தோம், அதன் பெல் 40 மில்லிதான் என்பதால் தாராளமாக உட்கார்ந்தது, கன்னமும் கட்டையில் நன்றாகப் படிந்தது. ஆகவே பொருளைக் குப்பை என்று சொல்ல மாட்டேன், பெயர்தான் பொய். ஆனால் திருகுகள் மட்டம். ஆலன் கீ போட்டு இறுக்கும்போதே தலைக்குள் இருக்கும் அறுகோணம் வழுக்கிவிட்டது, அப்புறம் அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு துண்டு மவுண்டில் இன்னொரு தொல்லை, ஸ்பிரிங்கரின் உதை. சுட்டதும் பிஸ்டன் முன்னால் பாயத் துப்பாக்கி பின்னால் நகர்கிறது, பிஸ்டன் முட்டி நிற்கும்போது திடீரென்று முன்னால் இழுக்கிறது. இந்த இரண்டாவது இழுப்பில்தான் மவுண்ட் ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்துவிடும். ஊர்வதைத் தடுக்கும் ஸ்டாப் பின் இல்லாத மவுண்டை ஸ்பிரிங்கரில் போடவே வேண்டாம்.

இரண்டாவது, கீழே சுரங்கம் போல ஓட்டை விட்டு, அதன் வழியே ஓப்பன் சைட்டும் தெரியும்படி செய்த உயர மவுண்ட். "இரண்டையும் பயன்படுத்தலாம்" என்பதுதான் விளம்பரம். கடைக்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள், பார்க்க ஆடம்பரமாக இருக்கிறது என்பதால் விற்றும்விடுகிறது. மாட்டினால் மையம் ரயிலிலிருந்து 40 மில்லியைத் தாண்டிவிட்டது. கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடை எலும்பு மட்டும் நுனியில் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் தலை ஒவ்வொரு இடத்தில். பிடிக்கவில்லை, யாருக்கும் சொல்ல மாட்டேன், தலையை நிமிர்த்தியே சுட வேண்டிய கழுத்துப் பிரச்சனை உள்ளவர்களுக்கு வேண்டுமானால் உதவலாம், அதுவும் கட்டையை நன்றாக உயர்த்திக்கொண்டால்.

மூன்றாவதுதான் நான் வைத்துக்கொண்டது. ஒரே துண்டு, இரண்டு ரிங்கும் ஒரே அடிப்பாகத்தில், ஒவ்வொரு ரிங்குக்கும் மேலே நான்கு திருகு, நடுவே ஸ்டாப் பின். உள்ளடி 16 மில்லி, நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே எண். இதே வார்ப்பு பல பெயர்களில் வருகிறது, அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், வாங்குவதற்கு முன் "ரயிலிலிருந்து ரிங் உள்ளடி வரை எத்தனை மில்லி" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். இதிலும் குறை உண்டு. ஒற்றைத் துண்டு என்பதால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்த இடம் குறைவு, நடுவில் உள்ள, குறியைத் திருத்தும் டரட் குமிழ் இரண்டு ரிங்குக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் வேண்டிய தூரம், பெரும்பாலான ஸ்கோப்புகளில் 8 முதல் 10 சென்டிமீட்டர், எனக்கு அதிர்ஷ்டவசமாக அமைந்துவிட்டது. கழுத்து நீளமானவர்கள் மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உயரம் கூடக் கூட உதையின் நெம்புகோல் நீளமும் கூடும், அதனால் ஹை மவுண்டில் அடித் திருகுகளை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. ரிங்கின் மேல் திருகுகளை மட்டும் வெறி பிடித்த மாதிரி இறுக்காதீர்கள், டியூப் நசுங்கும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து இறுக்கினால் போதும், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி.

இப்போது அந்த எட்டு ஒன்பது மில்லி பள்ளம். இதற்குத்தான் எல்லோரும் "கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் தெரியும், ஆனால் நிலைக்காது. காரணம் ஸ்பிரிங்கரின் குணம். இந்த வகைத் துப்பாக்கி, குண்டு குழலை விட்டு வெளியே போகும் முன்பே உதைத்து நகரத் தொடங்கிவிடுகிறது, அதனால் கையாலோ கன்னத்தாலோ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து குண்டு விழும் இடம் மாறும். லேசாகப் பிடித்து அது போகிற போக்கில் போகவிடுவதுதான் வழக்கமான முறை. கன்னமும் அப்படித்தான், தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மவுண்ட் உயரமாக இருந்தால் கன்னம் காற்றில் மிதக்கும், தாழ்வாக இருந்தால் கன்னத்தைக் கட்டைக்குள் அமுக்க வேண்டியிருக்கும், இரண்டிலும் ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் வேறு. அடைத்து வைத்த காற்றில் சுடும் பிசிபி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள், அவர்களுக்கு உதை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஆனால் பேரலாக்ஸ் அவர்களையும் விடாது. ஸ்கோப் சரிசெய்து வைத்த தூரத்தில் இல்லாத இலக்கைப் பார்க்கும்போது, கண் மையத்தை விட்டு விலகினால் ரெட்டிகிளும் இலக்கின் மேல் நகரும். கண் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தப் பிழையும் ஒரே மாதிரி இருக்கும், திருத்திக்கொள்ளலாம். கண் அலைந்தால் குண்டும் அலையும்.

உயரம் சரியா என்று சோதிக்கும்போது ஜூமை முழுதாக ஏற்றிவிட்டுச் சோதியுங்கள். கடையில் 3ல் வைத்துப் பார்த்து "பளிச்சுன்னு தெரியுதே" என்று வாங்கி வந்தவர்கள் உண்டு. லென்ஸின் விட்டத்தை ஜூமால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு வரும். 40ஐ 3ஆல் வகுத்தால் 13 மில்லி, கண் எங்கே இருந்தாலும் படம் தெரியும், முகம் தப்பாக இருப்பதே தெரியாது. 40ஐ 9ஆல் வகுத்தால் நாலரை மில்லிகூட இல்லை. அப்போது ஒரு ஓரத்தில் கறுப்புப் பிறை எட்டிப் பார்க்கும், தலையை எந்தப் பக்கம் நகர்த்தினால் அது மறைகிறது என்று பாருங்கள். மேலே தூக்கினால் மறைந்தால் மவுண்ட் உங்களுக்கு உயரம், கீழே அமுக்கினால் மறைந்தால் தாழ்வு. முன்னேயோ பின்னேயோ போனால் மறைகிறதென்றால் அது உயரத்தின் குற்றமே இல்லை, ஸ்கோப்பை நகர்த்துங்கள்.

கன்னத்தை உயர்த்த முதலில் வாங்கியது நியோப்ரீன் உறை, வெல்க்ரோ பட்டையோடு, உள்ளே சொருக ஸ்பாஞ்சுத் துண்டுகளோடு. வந்த முதல் வாரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வார்னிஷ் போட்ட கட்டையில் அது நிற்கவில்லை, தளர்ந்த வேட்டி மாதிரி ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகிறது. அப்புறம் சித்திரை வெயிலில் கன்னத்து வியர்வையை எல்லாம் குடித்துவிட்டுக் காயாமல் ஒரு வாடை. அதைவிடப் பெரிய குறை ஸ்பாஞ்சு. விரலால் அமுக்கினால் பாதியாகிறது, கன்னம் வைத்தாலும் அப்படித்தான். 9 மில்லி உயர்த்திவிட்டோம் என்று நினைத்திருப்போம், உண்மையில் ஒரு குண்டுக்கு 5, இன்னொரு குண்டுக்கு 7. கையில் பிடிக்க மெத்தென்று இருக்கிற எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

பெரியமேடு யோசனை இப்படித்தான் வந்தது. சைடன்ஹாம்ஸ் சாலையும் அதன் சந்துகளும் தோலுக்குப் பெயர் போன இடம் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும், ஆனால் அங்கே செருப்பு, ஷூ தயாரிப்பதற்கான சாமான் விற்கும் கடைகளும் உண்டு, அங்கே ஈவிஏ ஷீட் (செருப்புக்குப் போடும் நுரை ரப்பர் மாதிரியான தகடு) 3, 4, 6 மில்லி என்று தடிமன் வாரியாக வெட்டித் தருவார்கள். நமக்கு வேண்டியது அதுதான். செருப்பின் உள்ளடிக்குப் போடும் மெத்தென்ற ரகத்தை விட்டுவிட்டு, விரல் வைத்து அழுத்தினால் பதியாத கெட்டி ரகமாகக் கேளுங்கள். 6 ஒன்று, 3 இரண்டு வாங்கினேன், விலை ஒரு டீ, பஜ்ஜி செலவுதான். உறையைத் தைத்தது பக்கத்தில் பர்ஸ், பெல்ட், பைக் சீட் கவர் எல்லாம் தைக்கும் ஒரு சின்னக் கடை.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் பக்கம் போகாதீர்கள், லைசென்ஸ் தேவைப்படாத ரகம்தான் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. முன்பக்கத் திருகுகளையும் ட்ரிக்கர் கார்டு திருகையும் கழற்றினால் மரக்கட்டை தனியாக வந்துவிடும், அதை மட்டும் துணிப்பையில் சுற்றி எடுத்துப் போனேன். கடை பாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, கிரிக்கெட் பேட்டா?" என்றார். துப்பாக்கிக் கட்டை, கன்னம் வைக்க உறை வேண்டும் என்றதும் ஆர்வமாகிவிட்டார், அடுத்த அரை மணி நேரம் வேறு வாடிக்கையாளரையே பார்க்கவில்லை.

நான் கேட்டது ஆட்டுத் தோல், ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமன். செம்மறித் தோல் இன்னும் மிருதுவாக இருக்கும் என்று காட்டினார், தொட சுகம்தான், ஆனால் இழுத்தால் நீளும், லேஸ் போட்டு இறுக்கும் உறைக்கு அது ஒத்துவராது என்று அவரே சொல்லிவிட்டார். உள்பக்கம் ஸ்வேட், அதாவது சொரசொரப்பான தோல், வைத்துத் தைக்கச் சொன்னேன், வார்னிஷ் மரத்தில் வழுக்காமல் இருக்க. இது என் யோசனை. அவருடைய யோசனை இதைவிட நல்லது: கன்னம் படும் பக்கம் தையலே வரக் கூடாது, ஒரே தோலை மேலாக வளைத்து அடியில் கொண்டுபோய் ஷூ மாதிரி கண் குத்தி லேஸ் போட்டுவிடலாம் என்றார். ஸ்பிரிங்கர் உதைக்கும்போது தையல் கன்னத்தில் கோடு போடும் என்பது சுடாத மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் புரியவில்லை, பைக் சீட் தைத்த அனுபவமாக இருக்கலாம். மேல்பக்கத்தில் உள்ளே ஒரு பாக்கெட், பின்பக்கம் திறப்பு, அதில் ஈவிஏ துண்டுகளை அடுக்கிச் சொருகலாம்.

"பாய், பாக்கெட்டை ஒரு இன்ச் நீளமா வச்சிடுங்க, பின்னால ஷீட் மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்தறதுக்கு என்ன இருக்கு, அளவு எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல?"

"அளவு துப்பாக்கிக்குத்தான் பாய். மூஞ்சி மழைக்காலத்துல வீங்கும், வெயில்ல இளைக்கும்."

சிரித்துவிட்டு நீளமாகவே வைத்துக்கொடுத்தார். சொன்ன நாளில் தரவில்லை, அதற்கும் அடுத்த வாரம் போன் போட்டுத்தான் வாங்கினேன். தையல் நேர்த்தி, லேஸ் கண்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல், அடியில் இருப்பதால் கண்ணில் படாது. கூலியும் தோலும் சேர்த்து அந்த நியோப்ரீன் உறையை விடக் குறைவுதான் ஆனது.

6ம் 3ம் அடுக்கி, மேலே தோலும் ஸ்வேட்டும் சேர, கண் ஸ்கோப் மையத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. 6ஐ உருவிவிட்டு இரண்டு 3ஐ மட்டும் போட்டதும் சரியாக வந்தது. ஒரே 9 மில்லித் துண்டாக வெட்டாமல் அடுக்காக வாங்கச் சொல்வது இதற்குத்தான். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தை வைத்து, திறந்தால் 9 ஜூமிலும் முழு வட்டம். 25 மீட்டரில் குண்டுகள் விழும் கூட்டம் மேலும் கீழும் நீண்டு கிடந்தது, இப்போது வட்டமாகச் சுருங்கியிருக்கிறது. பக்கவாட்டில் பெரிதாக மாற்றம் இல்லை, அது என் ட்ரிக்கர் விரலின் லட்சணம்.

உட்கார்ந்து மேசையில் வைத்துச் சுடுவதும், நின்று சுடுவதும், படுத்துச் சுடுவதும் கன்னத்துக்கு ஒன்றல்ல. நிற்கும்போது தலை நிமிர்ந்திருக்கும், கொஞ்சம் உயரமான மையம் சுகமாக இருக்கும். படுக்கும்போது தலை முன்னால் சாய்ந்து இறங்கும், கண்ணும் லென்ஸை நெருங்கிவிடும். நீங்கள் அதிகம் சுடும் நிலையில் அளவெடுங்கள், மற்ற நிலைகளுக்கு ஒரு துண்டை உருவினாலோ சொருகினாலோ போதும்.

உயரத்தைக் கூட்டினால் குறி என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு. 25 மீட்டரில் ஸீரோ வைத்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றாகச் சேரும்படி திருத்தியிருந்தால், மையத்தை ஒரு சென்டிமீட்டர் ஏற்றி மறுபடி ஸீரோ செய்ததும், 10 மீட்டரில் குண்டு முன்பை விட 6 மில்லி கீழே விழும். கோட்டின் சாய்வு மட்டும்தான், வேறு மந்திரம் இல்லை. 5 மீட்டரில் 8 மில்லி. கிட்டத்தில் சின்ன இலக்கு வைத்து விளையாடுகிறவர்களுக்குத்தான் இது உறுத்தும். இன்னொன்று, ஸ்கோப் உயர்ந்தால் துப்பாக்கி சாய்ந்திருக்கும்போது பக்கவாட்டுப் பிழை பயங்கரமாகக் கூடும் என்று அடிக்கடி சொல்வார்கள். ஸீரோ வைத்த தூரத்தில் அந்தப் பிழைக்குக் காரணம் குண்டு இறங்கும் அளவுதான், மவுண்ட் உயரம் இல்லை. உயரம் தன் வேலையைக் காட்டுவது ஸீரோவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூரங்களில். நீளமாகச் சுடுகிறவர்கள் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழை ஸ்கோப்பில் மாட்டிக்கொள்ளட்டும், 25 மீட்டருக்குள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நண்பரின் பிசிபி கதை வேறு. குறுக்கே பள்ளங்கள் வெட்டிய பிகாட்டினி ரயில், 30 மில்லி டியூப், 50 மில்லி லென்ஸ், ரயிலுக்கு மேலே தலை நீட்டும் உருளை மேகசின். அங்கே பெல்லை விட மேகசின்தான் கீழ் எல்லையை முடிவு செய்தது, மவுண்ட் ஹைதான் வேறு வழியில்லை. அவருடைய கட்டையில் கன்னப்பகுதி திருகோடு வந்திருக்கிறது, ஏற்றி இறக்கிக்கொள்கிறார். பின்னால் இழுக்கும் போல்ட் உள்ள மாடல் வைத்திருப்பவர்கள் என் மாதிரி உறை போடும் முன் போல்ட் முழுதாகப் பின்னால் வர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், உயர்த்திய கன்னமேடு போல்ட்டை மறித்துவிடும். மடக்குத் துப்பாக்கியில் அந்தக் கவலை இல்லை. செலவு செய்யத் தயார் என்பவர்களுக்கு ஸ்போர்ட்ஸ்மேட்ச் என்ற இங்கிலாந்துக் கம்பெனி உயரம், சாய்வு எல்லாம் திருத்தும்படி மவுண்ட் செய்கிறது. குழல் கொஞ்சம் கீழே தொங்கும் மடக்குத் துப்பாக்கிகளுக்கு, ஸ்கோப் குமிழைக் கடைசிவரை திருகியும் குண்டு மேலே வராதவர்களுக்கு, அந்த மாதிரி மவுண்ட்தான் சரியான மருந்து. வெறும் கன்ன உயரத்துக்காக மட்டும் அவ்வளவு பணம் போட நான் சொல்ல மாட்டேன்.

தோல் உறையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் வெள்ளைப் பூஞ்சை பூக்கிறது. சுட்டு முடித்ததும் உறையைக் கழற்றி நிழலில் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனியாக வைக்கிறேன். கட்டையை உறைக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள், வியர்வை தோல் வழியாக மரத்துக்கும் இறங்கும். லேஸ் புதிதில் தளரும், இரண்டாவது முறை இறுக்கிய பின் நின்றுவிட்டது. கறுப்புத் தோல் கேட்காதீர்கள், திருவள்ளூர் வெயிலில் பத்து நிமிடம் கிடந்த கறுப்புத் தோலில் கன்னம் வைத்தால் தெரியும்.

இடது கைக்காரர்கள் தைக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், லேஸ் முடிச்சும் பாக்கெட்டின் திறப்பும் கன்னம் படாத பக்கம் வர வேண்டும். பாயிடம் இப்போது என் கட்டையின் அட்டை மாதிரி மட்டும்தான் இருக்கிறது, அது வலது கைக்கு வெட்டியது, அதைத் திருப்பாமல் அப்படியே வைத்துத் தைத்தால் எல்லாம் தப்பான பக்கம் வந்து நிற்கும்.